அபராதச் சீட்டு வந்திருக்கிறதா? கட்டுவதற்கு முன் முழுசாக வாசியுங்கள்

போக்குவரத்து அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தொல்லை விட்டால் போதும் என்று அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் மடித்து எங்காவது சொருகிவிட்டு அதைப் பற்றி நினைக்காமலே இருந்துவிடுவார்கள். இரண்டுக்கும் காரணம் பயம்தான். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல வருடங்கள் கோப்பு பார்த்தவள். வருகிறவர்களிடம் காகிதங்களை வாங்கித் தேதி வாரியாக அடுக்கி, எது இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று குறித்து வைப்பது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயம் உண்டு: சீட்டைக் கொண்டு வருகிறவர்களில் அதை முழுசாக வாசித்தவர்கள் ரொம்பக் குறைவு. தொகையைப் பார்த்திருப்பார்கள். அதோடு சரி.

அந்தச் சீட்டில் இருப்பது ஒரு குற்றச்சாட்டு. இந்த நாளில், இந்த இடத்தில், இந்த எண்ணுள்ள வண்டி இப்படிப் போனதாக எங்களிடம் பதிவு இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறது. பதிலைச் சொல்ல வேண்டியது நீங்கள். பணம் கட்டுவது ஒரு பதில், மறுப்பது ஒரு பதில், ஓட்டியது நான் இல்லை என்பது ஒரு பதில், ஒப்புக்கொள்கிறேன் ஆனால் தொகையைக் குறையுங்கள் என்பதும் ஒரு பதில். எதுவும் சொல்லாமல் இருந்தால், பெரும்பாலான நாடுகளில் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்வார்கள், அது உங்களுக்கு எதிரான பதிலாகத்தான் இருக்கும்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது, வந்தது உண்மையான சீட்டுதானா என்பது. போலீஸ்காரர் கையில் கொடுத்ததென்றால் இந்தக் கேள்வி இல்லை. போனில் வந்ததென்றால் கட்டாயம் கேட்க வேண்டும். இந்தியாவில் சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பை அனுப்புகிறார்கள், அதை நிறுவினால் போனில் வரும் வங்கிச் செய்திகளும் ஓடிபியும் அவர்கள் கைக்குப் போய்விடும். அமெரிக்காவில் சுங்கக் கட்டணம் பாக்கி என்று குறுஞ்செய்தி அனுப்பி அட்டை விவரம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி 2024-லேயே எஃப்பிஐ எச்சரித்தது. செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, வண்டி எண்ணையோ சீட்டு எண்ணையோ போட்டுப் பாருங்கள். உண்மையான சீட்டாக இருந்தால் அங்கே இருக்கும். இன்றைக்கே கட்டாவிட்டால் கைது என்று மிரட்டும் குறுஞ்செய்தி வந்தால் அதை நம்பாமல் இருப்பதற்கு அந்த அவசரம் ஒன்றே போதுமான காரணம்.

உண்மையானதுதான் என்று தெரிந்ததும் தேதிகளைத் தேடுங்கள். தொகை எங்கும் ஓடிப்போகாது, தேதி போய்விடும். ஒரு சீட்டில் மூன்று தேதிகளாவது இருக்கும்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாள், சீட்டு எழுதிய அல்லது அனுப்பிய நாள், நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள். முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே சில நேரம் உங்களுக்கு உதவும். பிரிட்டனில் கேமராவில் பிடிபட்ட வேகக் குற்றத்துக்கான அறிவிப்பு, பதிவுபெற்ற உரிமையாளருக்குப் பொதுவாக 14 நாட்களுக்குள் போய்ச்சேர வேண்டும். இந்தியாவில் 2021-ல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ, மின்னணுக் கண்காணிப்பில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது, வழக்கு முடியும்வரை அந்தப் பதிவைப் பாதுகாக்கவும் சொல்கிறது. ஆகவே எப்போதோ நடந்ததாகச் சொல்லி இப்போது ஒரு காகிதம் வந்தால், உடனே ஏற்றுக்கொள்ளாமல் அந்த ஊரின் காலவரம்பைத் தேடிப் பாருங்கள்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கெடுவும் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஒன்டாரியோவில் 15 நாட்கள். பிரிட்டனில் ஓட்டியது யார் என்று தெரிவிக்க 28 நாட்கள். ஜெர்மனியில் அபராத ஆணைக்கு ஆட்சேபம் தெரிவிக்க, அது கைக்குச் சேர்ந்ததிலிருந்து இரண்டே வாரம். அங்கே அந்த ஆணை மஞ்சள் உறையில் வரும், தபால்காரர் தான் கொடுத்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது. கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிட்டால், என்றைக்கு வந்தது என்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. எந்த நாடாக இருந்தாலும் உறையைத் தூக்கிப்போடாதீர்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் வருகிற எல்லாரிடமும் சொல்கிற முதல் வார்த்தை. அஞ்சல் முத்திரையோடு கடிதத்தின் பின்னால் பின் அடித்து வைத்துவிடுங்கள். குறுஞ்செய்தி என்றால் தேதியும் நேரமும் தெரியும்படி போன் திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வையுங்கள்.

அடுத்து, குற்றம் எந்தப் பிரிவில் என்று எழுதியிருக்கிறதோ அந்த வரி. கூடவே வண்டி எண், வண்டியின் வகை, நிறம், இடம், நேரம், திசை. ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசியுங்கள். ஒருவர் கேமரா அறிவிப்போடு வந்தார். எண் அவருடையதுதான், அதனால் எப்படி மறுப்பது என்று தெரியாமல் கட்டப் போகிறேன் என்றார். படத்தைக் கணினியில் பெரிதாக்கினோம். கடைசி இலக்கத்தின் மேல் சேறு அப்பியிருந்தது, அது மூன்றா எட்டா என்று சொல்ல முடியவில்லை. அதைவிட முக்கியமாக, படத்தில் இருந்த காரின் கூரையில் சாமான் கட்டும் கம்பிச் சட்டம் இருந்தது. அவருடைய காரில் அப்படி ஒன்று இல்லவே இல்லை, அதை மாட்டுவதற்கான இடம்கூடக் கூரையில் இல்லை. அவர் அந்தப் படத்தை அதற்குமுன் பலமுறை பார்த்திருக்கிறார், எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறார். தன் காரை அதே கோணத்தில் படம் எடுத்து, ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினார். சீட்டு ரத்தானது. எண்ணைக் கணினி வாசிக்கிறது, சில இடங்களில் ஒரு மனிதர் சரிபார்க்கிறார், இருவரும் தவறு செய்யலாம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வண்டிக்காரர்.

வேகக் கேமரா என்றால் படத்தில் இன்னொன்றும் இருக்கும். கேட்சோ வகைக் கேமராக்கள் அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும், சாலையில் குறிப்பிட்ட இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். ராடார் சொல்லும் வேகம் சரிதானா என்று பார்க்க அந்தக் கோடுகள் ஒரு இரண்டாவது சாட்சி. கணக்கு எளிது. அரை விநாடியில் வண்டி 10 மீட்டர் நகர்ந்திருந்தால் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். உங்கள் சீட்டில் 90 என்று எழுதியிருந்தால் அரை விநாடியில் வண்டி 12.5 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு படங்களையும் கேட்டு வாங்கி, முன்சக்கரம் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்கு நகர்ந்திருக்கிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். பெரும்பாலும் கணக்கு கேமரா சொன்னதோடு ஒத்துத்தான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒத்துப்போனால் வேகத்தைப் பற்றிய சண்டையை அங்கேயே விட்டுவிடலாம், வீண் அலைச்சல் மிச்சம்.

சீட்டு யார் பெயருக்கு வந்திருக்கிறது என்பது தனி விஷயம், இதில்தான் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கேமராவுக்கு வண்டிதான் தெரியும். அறிவிப்பு உரிமையாளருக்கு வரும், ஓட்டியது மகனாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். வாடகைக் கார் என்றால் முதலில் நிறுவனத்துக்குப் போய், அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்து, அதற்கு ஒரு சேவைக் கட்டணமும் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் உங்களிடம் வரும், அதற்குள் கெடுவில் பாதி போயிருக்கும். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். யாரோ ஓட்டுகிறார், எல்லாச் சீட்டும் பழைய உரிமையாளருக்கு வருகிறது. விற்ற அன்றைக்கு வாங்கியவரின் கையெழுத்தோடு, தேதியும் நேரமும் போட்டு ஒரு ரசீது எழுதி வாங்கியிருந்தால் அந்த ஒரு தாள் போதும், அது இல்லாமல் வந்தவர்களை மீட்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஓட்டியது யார் என்ற கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல நாடுகளில் குற்றத்துக்கு அபராதத்தோடு லைசென்ஸில் தண்டனைப் புள்ளியும் ஏறும், ஒரு அளவுக்கு மேல் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். "உன் லைசென்ஸில் புள்ளி இல்லையே, நீ ஓட்டியதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன், 2003-ல் வேகமாக ஓட்டியதற்கான புள்ளிகளை அப்போதைய மனைவியின் பெயரில் ஏற்றினார். பத்து வருடம் கழித்து, 2013-ல், இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை. ஆஸ்திரேலியாவில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற மார்கஸ் ஐன்ஃபெல்டுக்கு 2006-ல் வந்தது 77 டாலர் சீட்டு. வரம்பைவிட மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். காரை ஓட்டியது தன் தோழி என்று சத்தியம் செய்து சொன்னார். அந்தத் தோழி அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இறந்துபோனவர் என்று பிறகு தெரியவந்தது. பொய்ச் சத்தியத்துக்காக 2009-ல் அவருக்கு மூன்று வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். நீதிபதியாக இருந்தவருக்கே அந்தக் காகிதத்தின் எடை தெரியவில்லை. அபராதச் சீட்டு சிறிய விஷயம், ஆனால் அதற்கு எழுதும் பதில் சத்தியப் பிரமாணம். அந்த இடத்தில் விஷயம் சிறியதாக இருப்பதில்லை.

அதேபோல, யார் ஓட்டினார்கள் என்று சொல்லாமலே விட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் எல்லா ஊரிலும் நடக்காது. பிரிட்டனில் வேகத்துக்கு மூன்று புள்ளி என்றால், ஓட்டியவரைத் தெரிவிக்காததற்கு ஆறு புள்ளி.

புள்ளி என்றதும் நினைவுக்கு வருவது பொருட்கள் விநியோகம் செய்கிற ஒரு பையன். மாலையில் வேலைச் சட்டையோடு வந்து நின்றான். "அக்கா, கட்டிடவா? இதுக்காக லீவு போட்டா சம்பளம் போயிடும், அதுக்கு இதைக் கட்டிடறதே லேசு" என்றான். "இருப்பா, இதுல எத்தனை புள்ளின்னு பார்த்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. ஏற்கெனவே அவன் லைசென்ஸில் இருந்ததோடு இதையும் சேர்த்தால், இன்னும் ஒரு சின்னத் தவறில் லைசென்ஸே போகும், லைசென்ஸ் போனால் வேலை போகும். பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பல நாடுகளில் பொருள், கட்டினால் புள்ளி ஏறிவிடும், காப்பீட்டுத் தவணையும் கூடலாம். சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பயிற்சி வகுப்புக்குப் போகலாம் என்று ஒரு வழி இருந்தது, வகுப்பை முடித்தால் புள்ளி ஏறாது. அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டு வந்திருந்தால் அந்த வழி மூடிப்போயிருக்கும்.

ஆகவே தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் புள்ளியைப் பாருங்கள். பிரிட்டனில் மூன்று வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதமாவது ஓட்டத் தடை, லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஆறு புள்ளியிலேயே லைசென்ஸ் ரத்து. சிங்கப்பூரில் 24 மாதத்துக்குள் 24 புள்ளி. ஜெர்மனியில் எட்டு. ஒரே சீட்டு, புள்ளியே இல்லாதவருக்கு ஒரு செலவு, விளிம்பில் நிற்பவருக்குப் பிழைப்பே போகிற விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிவிட்டார் என்பதால் நீங்களும் கட்ட வேண்டும் என்றில்லை, அவர் வழக்காடினார் என்பதால் நீங்களும் ஆட வேண்டும் என்றில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தவறு செய்திருந்தால், ஆதாரம் சரியாக இருந்தால், கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். வருடத்துக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் உலகச் சாலைகளில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. வேக வரம்பும் சிவப்பு விளக்கும் யாரையோ துன்புறுத்த வைத்தவை இல்லை. நான் இங்கே எழுதுவது தப்பிக்கும் தந்திரம் அல்ல, செய்யாததற்குத் தண்டனை வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கும், செய்ததற்கு அதற்குரிய தண்டனைக்கு மேல் அனுபவிக்காமல் இருப்பதற்கும்தான்.

சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டு பல இடங்களில். இத்தாலியில் ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும், ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் பாதி. ஆனால் ஸ்பெயினில் அந்தத் தள்ளுபடியை எடுத்துக்கொண்டால் ஆட்சேபம் சொல்லும் உரிமை போய்விடும், வேறு பல இடங்களிலும் அப்படியே. எனவே தள்ளுபடி நாட்களை யோசிக்கும் நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கட்டினாலும் கடைசி நாள் கட்டினாலும் தொகை ஒன்றுதான், நடுவில் படங்களைக் கேட்டு வாங்கவும் இடத்தைப் போய்ப் பார்க்கவும் நேரம் இருக்கிறது.

மறுப்பது என்று முடிவு செய்தால், எதை வைத்து மறுக்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள், எனக்கு முன்னால் போனவரை ஏன் பிடிக்கவில்லை, அவசரமாகப் போனேன், விதி எனக்குத் தெரியாது, இதெல்லாம் விசாரணையில் நிற்காது. என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது, அதனால் சீட்டே செல்லாது என்று ரொம்ப நம்பிக்கையோடு வருவார்கள், அந்த மாதிரி எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வழக்கை நடத்த நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. நிற்கக்கூடியவை வேறு: வண்டி உங்களுடையது அல்ல, அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்தது, அறிவிப்பு காலம் கடந்து வந்தது, அங்கே பலகையே இல்லை அல்லது மறைந்திருந்தது, கருவியின் சோதனைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, மருத்துவ வண்டிக்கு வழிவிடத்தான் கோட்டைத் தாண்டினீர்கள்.

பலகை மறைந்திருந்தது என்றால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே போய்ப் படம் எடுங்கள். மரக்கிளையை வெட்டிவிடுவார்கள், பலகையை மாற்றிவிடுவார்கள். படம் எடுக்கும்போது பலகையைக் கிட்டப் போய் எடுப்பதில் பயனில்லை. ஓட்டுநரின் கண் உயரத்தில், வண்டி வருகிற திசையிலிருந்து, தூரத்தில் ஒன்று, பாதித் தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று எடுங்கள், அதே நேரத்து வெளிச்சத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. டேஷ்கேம், அதாவது வண்டிக்குள் சாலையைப் பதிவு செய்யும் கேமரா இருந்தால் அந்தப் பதிவை உடனே வேறு இடத்தில் நகலெடுங்கள், பழையதன்மேல் புதியது பதிவாகிக்கொண்டே இருக்கும். அன்று இரவே நடந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தத் தடத்தில் போனீர்கள், மழையா வெயிலா, முன்னால் பின்னால் என்ன வண்டி, போலீஸ்காரர் எங்கே நின்றார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். விசாரணை பல மாதம் கழித்து வரும், அப்போது இந்தத் தாள்தான் உங்கள் நினைவு.

நேரில் நிறுத்திச் சீட்டு எழுதும்போது சண்டை போடாதீர்கள். அங்கே ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை, அங்கே கத்தியது பிறகு விசாரணையில் குறிப்பாக வந்து நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடச் சொன்னால் எதற்கு என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, சீட்டு கிடைத்தது, குறித்த நாளில் பதில் சொல்கிறேன் என்ற உறுதிதான். மறுத்தால் கைதுகூட செய்யலாம்.

மறுப்புக் கடிதம் ஒரு பக்கம் போதும். மேலே சீட்டு எண், வண்டி எண், தேதி. முதல் வரியிலேயே நீங்கள் கேட்பது: "இந்தச் சீட்டை ரத்து செய்யக் கோருகிறேன்." அடுத்து காரணம், இரண்டு மூன்று வாக்கியம்: "படத்தில் உள்ள வாகனத்தின் கூரையில் சாமான் சட்டம் உள்ளது. என் வாகனத்தில் அது இல்லை. அதே கோணத்தில் எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்." அப்புறம் இணைப்புகளின் பட்டியல், கையெழுத்து, முடிந்தது. உங்கள் நேர்மை, நீங்கள் ஓட்டும் அனுபவம், காவல்துறையைப் பற்றிய உங்கள் கருத்து, நாட்டில் நடக்கும் மற்ற அக்கிரமங்கள் எதுவும் வேண்டாம். அதை வாசிப்பவர் ஒரு நாளில் நிறையக் கடிதம் வாசிக்கிறவர், காரணம் நாலாவது பத்தியில் ஒளிந்திருந்தால் அது அவர் கண்ணில் படாமலே போகலாம். மூலங்களை அனுப்பாதீர்கள், நகல் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள், இணையத்தில் என்றால் ஒப்புகை எண் வந்த பக்கத்தைச் சேமியுங்கள்.

நேரில் வரச் சொன்னால் போங்கள். கலிஃபோர்னியா போன்ற சில இடங்களில் எழுத்து வடிவிலேயே விசாரணை கேட்கலாம், அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு வாக்குமூலத்தை அனுப்ப வேண்டும், தோற்றாலும் 20 நாட்களுக்குள் புதிதாக நேரடி விசாரணை கேட்கும் உரிமை உண்டு. நேரில் என்றால், முந்தின விசாரணைகளைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். குற்றமில்லை என்று சொல்வது போலீஸ்காரரைப் பொய்யர் என்று சொல்வதாகாது. அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேள்வி கேட்கும் உரிமை இருந்தால் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள்: நீங்கள் எங்கே நின்றீர்கள், நிறுத்தக் கோடு அங்கிருந்து தெரியுமா, எனக்கும் உங்களுக்கும் நடுவில் வேறு வண்டி இருந்ததா, கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள். பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். வாதாடி அவரை மடக்க வேண்டியதில்லை, நீதிபதி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி, பதிலே சொல்லாமல் விட்டுவிடுவதைப் பற்றி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஃபெர்குசன் நகரத்தைப் பற்றி அந்நாட்டு நீதித்துறை 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் காரை நிறுத்தக் கூடாத இடத்தில் ஒரே ஒருமுறை நிறுத்தியதற்கு இரண்டு சீட்டுகள், 151 டாலரும் அதற்கு மேல் கட்டணங்களும். வறுமை, சில காலம் வீடுகூட இல்லை. தவணை தவறியதற்கும் ஆஜராகாததற்கும் மேலும் மேலும் குற்றம் பதிவாகி, பிடியாணை வந்து, இரண்டு தடவை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். இடையில் 25 டாலரும் இன்னொரு முறை 50 டாலரும் கட்டப் பார்த்தார், முழுத் தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. 2014 டிசம்பர் வரை 550 டாலர் கட்டியிருந்தார், இன்னும் 541 டாலர் பாக்கி என்று கணக்கு சொன்னது. இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. அவர் செய்ததைவிட அந்த முறை செய்ததுதான் பெரிய தவறு. ஆனால் சீட்டு எப்படி வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

கட்டப் பணம் இல்லையென்றால் அதைக் கெடுவுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். தவணை கேளுங்கள், கால நீட்டிப்பு கேளுங்கள், சமூகப் பணியாக மாற்ற வழி உண்டா என்று கேளுங்கள், வருமானத்துக்கான சான்றை இணையுங்கள். கட்ட வழியில்லாதவரை ஏன் கட்டவில்லை என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லியிருக்கிறது. பின்லாந்தில் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் அபராதமே வருமானத்தைப் பொறுத்துத்தான். அங்கே 2002-ல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு 1,16,000 யூரோ விதித்தார்கள், பழைய வருடத்து வருமானத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இப்போது வருமானம் அவ்வளவு இல்லை என்று அவர் முறையிட்டதும் தொகை வெகுவாகக் குறைந்தது. வேகமாகப் போனதை அவர் மறுக்கவில்லை, தொகையை மட்டும் கேள்வி கேட்டார். அப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

கெடு ஏற்கெனவே போய்விட்டதா? அப்போதும் கை விட வேண்டாம். அறிவிப்பே வராமல் உங்களுக்குத் தெரியாமலே தண்டனை விதித்துவிட்டார்கள் என்றால், இங்கிலாந்தில் அது தெரியவந்த 21 நாட்களுக்குள் சத்தியப் பிரமாணம் செய்து வழக்கை மறுபடி தொடங்க வைக்கலாம். ஜெர்மனியில் ஊரில் இல்லாதது போன்ற தக்க காரணம் இருந்தால் போன கெடுவைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்கலாம். இந்தியாவில் தேங்கிக் கிடக்கும் சலான்களைப் பல மாநிலங்களில் மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள், அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வீடு மாறியவர்கள் லைசென்ஸிலும் வண்டிப் பதிவிலும் முகவரியையும் போன் எண்ணையும் மாற்றிவிடுங்கள், இந்த வகை வழக்குகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. உயிர்ச்சேதம், மது, லைசென்ஸ் பறிபோகும் நிலை, இந்த மூன்றில் எது இருந்தாலும் கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருக்காமல் நேராக ஒரு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

கட்டியிருந்தாலும் ஜெயித்திருந்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சில வாரம் கழித்து அதே அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, அந்தச் சீட்டு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் பதிவில் புள்ளி தவறாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். காவல்துறை, நீதிமன்றம், போக்குவரத்து அலுவலகம் என்று மூன்று இடத்துப் பதிவேடுகள், ஒன்றில் முடித்தது மற்றொன்றில் ஏறாமல் நிற்பதுண்டு. கட்டிய ரசீது, பரிமாற்ற எண், ரத்து செய்த உத்தரவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, வண்டி உங்கள் பெயரில் இருக்கும்வரை வைத்திருங்கள். விற்கப் போகும் நாளில் பாக்கி என்று காட்டினால், அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.